கேட்க வந்தவர்

கெடில நதிக்கரையில் அமைந்த திருவதிகை, இன்று பண்ணுருட்டி நகரோடு ஒட்டியிருக்கும் சிற்றூர். நெய்வேலி நகரியத்தில் பேருந்து ஏறினால், முந்திரியும் பலாவும் அடர்ந்த தோப்புகளைக் கடந்து சிறிது நேரத்தில் அங்கு சேர்ந்துவிடலாம். சுரங்கப் பணிக்காகப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய நம் மக்களுள் பலருக்கு அது வழியில் தென்படும் ஒரு கோபுரம் மட்டுமே. ஆயினும் தமிழ்ப் பாட்டின் வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயால் துடித்த மருணீக்கியார், தம் தமக்கையார் திலகவதியாரை நாடி இவ்வூருக்கு வந்தார். வீரட்டானக் கோயிலில் நின்று பாடினார். நோய் நீங்கித் திருநாவுக்கரசர் ஆனார் என்று பெரியபுராணம் கூறுகிறது. துன்பத்தின் அடியாழத்திலிருந்து இறைவனை நோக்கிக் கூப்பிடும் திருப்பாடல்களை நாள்தோறும் செபிக்கும் நமக்கு, வலியிலிருந்து பாட்டுப் பிறந்த இந்தச் செய்தி அயலானதாகத் தோன்றாது.

அதே கோயில் வேறோர் ஓசையையும் கேட்டிருக்கிறது. 1750-ஆம் ஆண்டு புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுப் படை, மதில் சூழ்ந்த அக்கோயிலைக் கைப்பற்றிப் படைத்தளமாக வைத்துக்கொண்டது. ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக நடந்த போரில் அடுத்த சில ஆண்டுகள் அது பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே மாறி மாறிக் கைமாறிற்று. நாவுக்கரசர் நின்று பாடிய முற்றத்தில் பீரங்கிகள் நின்றன.

பிரெஞ்சுக்காரர் முதலில் நம் பகுதிக்கு வந்த விதம் இது. படையோடும் வாணிகத்தோடும் வந்தார்கள். மற்றொரு விதமாகவும் வந்தார்கள். அது நமக்கு நன்கு தெரிந்தது. 1776-இல் பாரிசு அயல்மறைத் தூதுச் சபையினர் கர்நாடக மறைத்தளத்தின் பொறுப்பை ஏற்றனர். அவர்கள் நற்செய்தியைக் கொணர்ந்தார்கள், பள்ளிகளை நிறுவினார்கள், தமிழைக் கற்று, தமிழ் பிரெஞ்சு அகராதி தொகுத்து, புதுச்சேரியில் அச்சகம் நடத்தினார்கள். நம் முன்னோர் பெற்ற நம்பிக்கைக்கு அவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. எனினும் அவர்கள் ஏற்று வந்த முதற்பணி கற்பிப்பது. வாயைத் திறக்க வந்தவர்கள் அவர்கள். செவியைத் திறந்தது அப்பணியின் பொருட்டே.

மூன்றாவது விதமாக ஒரு பிரெஞ்சுக்காரர் 1912-இல் தமிழகத்தில் நடமாடினார். அவரிடம் துப்பாக்கி இல்லை, மறைநூலும் இல்லை. அவர் பாட்டுக் கேட்க வந்தார். அவரையும், அவரை உருவாக்கிய குழுவையும், அவர் கேட்ட தமிழ்ப் பெண்மணியையும் பற்றி நம் இதழ் வாசகர்கள் அறிந்துகொள்வது பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

பாரிசின் போக்கிரிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரில் இளம் இசைவாணர், ஓவியர், கவிஞர் சிலர் சனிக்கிழமை இரவுகளில் ஒன்றுகூடினர். முதலில் போல் சோர்த் என்ற ஓவியரின் இல்லத்திலும், பின்னர் நகரின் ஓரத்தில் தனித்திருந்த ஒரு சிறு வீட்டிலும் அவர்கள் கூடி, நள்ளிரவு கடந்தும் பியானோ வாசித்தார்கள். மொரீஸ் ரவேல், புளோரான் ஷ்மித், பியானோக் கலைஞர் ரிக்கார்தோ வின்யெஸ், கவிஞர்களான திரிஸ்தான் கிளிங்சோர், லெயோன் போல் ஃபார்க் ஆகியோர் அவர்களுள் சிலர். லெயோன்ஸ் பெத்தி என்ற குரு ஒருவரும் அக்குழுவில் இருந்தார் என்பது நமக்குச் சற்று வியப்பூட்டலாம். பின்னாளில் ஸ்பெயின் நாட்டு மனுவேல் த ஃபல்லாவும், இரசிய நாட்டு இகோர் ஸ்டிராவின்ஸ்கியும் வந்து சேர்ந்தனர்.

1902-இல் தெபுசியின் 'பெலெயாசும் மெலிசாந்தும்' என்ற இசை நாடகம் அரங்கேறியபோது, பழைமை விரும்பிகள் அதை எள்ளி நகையாடினர். இவ்விளைஞர்களோ காட்சி தவறாமல் சென்று கைதட்டினர். இவர்கள் கூட்டமாகத் தெருவில் சென்றபோது, மோதிக்கொண்ட செய்தித்தாள் விற்பனையாளர் ஒருவர் 'அப்பாஷ்' என்று கூவினாராம். அப்பாஷ் என்பது அமெரிக்கப் பழங்குடி இனம் ஒன்றின் பெயர். அந்நாளில் பாரிசு நாளேடுகள் தெருப்போக்கிரிகளுக்கு அப்பெயரைச் சூட்டியிருந்தன. வசையாக வந்த சொல்லையே இவர்கள் தம் குழுவின் பெயராக்கிக்கொண்டனர். இரசிய இசைவாணர் பொரோதினின் இரண்டாம் சிம்பொனியின் தொடக்கத்தைச் சீழ்க்கையடித்து ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். வேண்டாத விருந்தாளியிடமிருந்து தப்ப, கோமெஸ் த ரிக்கே என்ற கற்பனை மனிதர் ஒருவரையும் படைத்து, 'அவரைக் காணப் போகவேண்டும்' என்று சொல்லி நழுவுவார்களாம்.

விளையாட்டுப் பிள்ளைகள் என்று ஒதுக்கிவிட இயலாத ஆழம் அவர்களிடம் இருந்தது. ஐரோப்பிய இசை தன் இலக்கணத்தின் எல்லையைத் தொட்டுவிட்டது, இனி வேறு செவி வேண்டும் என்ற தவிப்பே அவர்களை ஒன்றுசேர்த்தது. 1889-இல் பாரிசு உலகக் கண்காட்சியில் சாவகத் தீவின் இசையைக் கேட்டு தெபுசி அடைந்த வியப்பை அவர்கள் அறிந்திருந்தனர். கீழ்த்திசையில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அவர்களுள் பலருக்கு இருந்தது. ஆனால் பெரும்பாலோர் அதை நூல்களிலும் கண்காட்சிகளிலுமே தேடினர். நேரில் வந்து கேட்டவர் மொரீஸ் தெலாஜ்.

தெலாஜ் 1879-இல் பிறந்தவர். இளமையில் கப்பல் முகமை ஒன்றில் எழுத்தராகவும், புலோஞ் துறைமுகத்தில் மீன் வாங்குபவராகவும் பணியாற்றியவர். இசைப்பள்ளியில் முறையாகப் பயிலாதவர். தெபுசியின் இசை நாடகத்தைக் கேட்டபின் இசையே தன் வாழ்வு என்று துணிந்து, ரவேலின் மாணவரானார். குழுவினர் பின்னாளில் கூடிய சிறு வீடு இவருடையதே. தேவாலய மணிகள் ஒலிக்கும் பள்ளத்தாக்கைச் சித்திரிக்கும் தம் பியானோ இசையை ரவேல் இவருக்குத்தான் அர்ப்பணித்தார்.

கோயம்புத்தூர் தாயி

தெலாஜின் பெற்றோர் காலணிக்குப் போடும் பாலிஷ் தயாரிக்கும் தொழில் நடத்தியவர்கள். அத்தொழில் தொடர்பாக அவர்கள் இந்தியாவுக்கு வந்தபோது மகனும் உடன்வந்தார். 1911-இன் இறுதியில் தொடங்கிய அப்பயணம் 1912-இலும் தொடர்ந்தது. சென்னை, காசி, ஜெய்ப்பூர், இலாகூர் என்று அவர் பல ஊர்களுக்குச் சென்றார். சென்ற இடமெல்லாம் இசையைக் கேட்டார். இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்தார்.

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிச் சில ஆண்டுகளில் சென்னைக்கும் பரவியிருந்தது. கட்டுப்பாடு மிக்க குடும்பப் பெண்கள் அக்காலத்தில் குழாயின் முன் நின்று பாட முன்வரவில்லை. ஆண் வித்துவான்கள் பலர் குரல் போய்விடும் என்று அஞ்சினர். ஆகவே தொடக்க காலத் தட்டுகளில் மிகுதியும் ஒலித்தவை தேவரடியார் மரபில் வந்த பெண்மணிகளின் குரல்களே. அவர்களுள் தலைசிறந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் தாயி. 1872-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் பழனிக்குஞ்சரம். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்து, பாட்டிலே பெரும்புகழ் ஈட்டி, ஏராளமான தட்டுகளில் பாடினார். கிருதிகள், பதங்கள், சாவளிகள், விருத்தங்கள் என்று அவர் பாடாத வகை இல்லை எனலாம்.

அவர் பாடிய தட்டுகளுள் ஒன்று, அருட்பாவை இராகமாலிகையாகப் பாடியது. அருட்பா என்றவுடன் நம் பகுதியினர் செவி நிமிரும். நெய்வேலிக்கு அண்டையிலுள்ள வடலூரில் வாழ்ந்து, 1867-இல் தருமச்சாலை கண்டு, பசித்தவர்க்குச் சோறிட அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாதிருக்க வழிசெய்த இராமலிங்க அடிகளின் பாடல்கள் அவை. தாயி பிறந்த 1872-ஆம் ஆண்டிலேயே வடலூரில் சத்திய ஞானசபை எழுந்தது. வடலூர்ப் பெருவெளியின் பாட்டு, கோயம்புத்தூரில் பிறந்த ஒரு பெண்மணியின் குரலேறி, அரக்குத்தட்டில் பதிந்து, ஒரு பிரெஞ்சுக்காரரின் பெட்டியில் பாரிசுக்குக் கப்பலேறிற்று.

தெலாஜ் தட்டோடு நிற்கவில்லை. மாமல்லபுரத்துக் கற்கோயிலில் தாயி தமக்காகப் பாடியதையும், அச்சிறு அறைகளில் குரல் எதிரொலித்ததையும் அவர் பிரெஞ்சு இசை இதழுக்கு எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார். பல்லவர் குடைந்த கல்லறைகளில் தமிழ்ப் பாட்டு எழுவதையும், பாரிசு நகர இளைஞர் ஒருவர் சுவரருகே நின்று கேட்பதையும் நாம் மனக்கண்ணால் காணலாம். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திராது. ஆயினும் அவர் கேட்டார்.

ஓர் அட்டைத் துண்டு

கேட்டதை அவர் என்ன செய்தார் என்பதே இவ்வரலாற்றின் மையம். முதலில் 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற இசைத்தொகுதியை இயற்றினார். சென்னை, இலாகூர், காசி, ஜெய்ப்பூர் என்ற ஊர்ப்பெயர்கள் அதன் பகுதிகளுக்கு இடப்பட்டுள்ளன. பர்த்ருஹரியின் வடமொழிக் கவிதைகளும், செர்மானியக் கவிஞர் ஹைனேயின் ஒரு கவிதையும் அதில் பிரெஞ்சு வடிவில் வருகின்றன. இலாகூர்ப் பகுதியில் அவர் செய்தது புதுமை. இம்தாத் கான் என்ற சிதார்க் கலைஞரின் தட்டைக் கூர்ந்து கேட்டு, அந்த வழுக்கலையும் நடுக்கத்தையும் செல்லோ என்னும் பெருவயலினில் விரலால் மீட்டிக் காட்டச் செய்தார். பாடகியின் சொற்கள் முடிந்தபின் குரல் மட்டும் தொடர்கிறது. வாயை மூடியும் திறந்தும், பொருளற்ற உயிரொலிகளாக, நம் ஆலாபனையைப் போலப் பாடவேண்டும் என்று எழுதினார்.

அடுத்து, 'இராகமாலிகா' என்றே பெயரிட்டு மற்றொரு பாட்டை அமைத்தார். அது தாயியின் அருட்பாத் தட்டைத் தழுவியது. தழுவியது என்பதைவிட, கேட்டதைக் கேட்டவாறே எழுதிக்கொள்ள முயன்றது என்பதே பொருந்தும். பாரிசுப் பாடகி தமிழ்ச் சொற்களையே பாடவேண்டும், துணைக்குப் பியானோ. இங்கே அவருக்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நிலையான சுரம். நம் கமகமோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வளைந்து, அசைந்து, தவழ்ந்து செல்வது. தாளக்கருவியின் அதிர்வும் பியானோவில் இல்லை. தெலாஜ் என்ன செய்தார்? தாழ்ந்த சுரம் ஒன்றின் தந்திகளுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். ஒலி மழுங்கி, மத்தளத்தின் அடிபோல் கேட்டது. பியானோவின் தந்திகளுக்கிடையே பொருள்களைச் செருகி ஓசையை மாற்றும் முறை, 1940 வாக்கில் அமெரிக்கர் ஜான் கேஜால் உலகப்புகழ் பெற்றது. அதன் மிகத் தொன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இசை வரலாற்றறிஞர் இந்த அட்டைத் துண்டைக் குறிப்பிடுகின்றனர்.

இந்த அட்டைத் துண்டு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அந்நாளில் ஐரோப்பியர் பலர் நம் இசையைக் கேட்டு, தங்கள் கட்டைகளுக்குள் அடங்காததை 'அபசுரம்' என்று தள்ளினர். அல்லது தங்கள் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டனர். தெலாஜோ தம் கருவியைத் திருத்தினார். ஐரோப்பிய இசையின் அரசி எனப்பட்ட பியானோவின் வயிற்றுக்குள், ஒரு தமிழ்ப் பாட்டுக்கு இடமளிக்க, அட்டையைத் திணித்தார். செயல் சிறிதே. ஆயினும் உண்மையாகக் கேட்பவன் தன்னிடம் எதையேனும் மாற்றிக்கொள்ளாமல் கேட்க முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று உண்டோ?

'நான்கு இந்துக் கவிதைகள்' 1914 சனவரி 14-ஆம் நாள் பாரிசில் அரங்கேறிற்று. அதே மேடையில் அன்று ரவேலின் புதிய பாடல்களும், ஸ்டிராவின்ஸ்கியின் 'மூன்று சப்பானியப் பாடல்கள்' என்ற படைப்பும் ஒலித்தன. அவற்றுள் ஒன்றை ஸ்டிராவின்ஸ்கி தெலாஜுக்கே அர்ப்பணித்திருந்தார். அப்பாஷ் குழுவின் உச்சம் அதுவென்று கொள்ளலாம். ஏழே மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. ரவேல் படையில் ஊர்தி ஓட்டச் சென்றார். குழு கலைந்தது, மீண்டும் கூடவில்லை. தெலாஜ் 1961 வரை வாழ்ந்தார். மிகக் குறைவாகவே எழுதினார்.

பாதிக் கேள்வி

இத்துடன் முடித்தால் இது இனிய கதை. ஆனால் வரலாறு நம்மை அவ்வளவு எளிதாக விடுவதில்லை.

தாயி 1917-இல் காலமானார். பாரிசில் பாராட்டப்பெற்ற பாட்டின் மூலக்குரல் அவருடையது என்பதை நம் நாட்டில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அவர் வாழ்நாளிலேயே அவர் பிறந்த மரபின்மீது பழி கவிந்துகொண்டிருந்தது. 1890-களில் சென்னையில் எழுந்த சதிர் எதிர்ப்பு இயக்கத்தில் மறைப்பணியாளரும் கிறித்தவர் பலரும் முன்னின்றனர். சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தில் கொடுமை இருந்தது. அதை ஒழித்தது நீதியே. முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நெடுங்காலம் போராடியதன் பயனாக 1947-இல் சென்னை மாகாணத்தில் அதற்குத் தடைச்சட்டம் வந்தது. ஆனால் வழக்கத்தை எதிர்த்தவர்கள் பலர் அந்தப் பெண்களையே குற்றமாகக் கண்டனர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்துவந்த பதமும் சாவளியும் விருத்தமும் வேறு கைகளுக்கு மாறின. மேடைகள் மதிப்புப் பெற்றன. காத்தவர்களின் பெயர்கள் மங்கின.

பரிசேயர் சீமோனின் வீட்டுக்குள் ஒரு பெண் வந்தபோது, விருந்தளித்தவர் அவளுடைய பழியை மட்டும் கண்டார். அவளை உண்மையிலேயே பார்க்கிறாயா என்று ஆண்டவர் அவரைக் கேட்டதாக லூக்கா எழுதுகிறார். தாயியின் கதையைப் படிக்கும்போது அந்தக் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. நம் முன்னோர் அவர்களைச் சீர்திருத்த எண்ணினார்கள். அவர்கள் பாடியதை அமர்ந்து கேட்டார்களா?

தெலாஜையும் நாம் முற்றிலும் விடுவிக்க இயலாது. அவர் குரலைக் கேட்டார், கமகத்தைக் கேட்டார். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் நெஞ்சு அச்சொற்களில் துடித்ததை அவர் அறிந்தாரா? மொழி தெரியாதவருக்கு அது எட்டியிராது. பாரிசு மேடையில் தமிழ்ச் சொற்கள் அழகிய ஓசைகளாக நின்றன. இது பாதிக் கேள்வி. சீர்திருத்தக்காரர் கேளாது விட்ட குரலை அவர் கேட்டார். குரல் ஏந்தி வந்த பொருள் அவரைக் கடந்து சென்றது.

எதிரொலிகள்

ஆயினும் பாதியாகக் கேட்டதும் வீண்போகவில்லை. பிரெஞ்சு இசையில் அந்தச் செவி மூடாமல் தொடர்ந்தது. பாரிசின் மூவொரு கடவுள் ஆலயத்தில் 1931 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆர்கன் இசைத்த ஒலிவியே மெசியான், ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர். சார்ங்கதேவரின் பழந்தாளங்களை ஓர் இசைக் களஞ்சியத்தில் கண்டு தம் படைப்புகளில் ஆண்டார். இரண்டாம் உலகப்போரில் செர்மானியரிடம் சிறைப்பட்டு, திருவெளிப்பாட்டு வானதூதரைப் பற்றி 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' இயற்றினார். 1941 சனவரி 15 அன்று கடுங்குளிரில் சிறை முகாமில் கைதிகளுக்கு முன் அது ஒலித்தபோது, அதன் முதற்பகுதியில் இந்தியத் தாளங்கள் உள்ளோடின.

பின்னர் அச்செவி மின்கித்தாரும் முரசும் முழங்கும் ராக் இசைக்கும் சென்றது. இந்திய இசையில் மனம் தோய்ந்து, 1961-இல் 'இந்தியா' என்றே ஒரு படைப்பைப் பதிவுசெய்தவர் அமெரிக்கக் கறுப்பின இசைமேதை ஜான் கோல்ட்ரேன். 1967-இல் நாற்பதே வயதில் அவர் இறந்தபோது, பாரிசைச் சேர்ந்த கிறிஸ்தியான் வாந்தேர் என்ற பத்தொன்பது வயது முரசுக்காரர் உலகமே இருண்டதுபோல் உணர்ந்தார். அத்துயரிலிருந்து மீண்டு 1969-இல் அவர் தொடங்கிய குழு 'மாக்மா'. பிரெஞ்சு ராக் குழுக்களுள் புதுமையின் எல்லைவரை சென்றதென்று பெயர்பெற்ற அக்குழு, பிரெஞ்சிலும் பாடவில்லை, ஆங்கிலத்திலும் பாடவில்லை. தன் இசைக்குத் தாய்மொழி ஈடுகொடுக்கவில்லை என்று கண்ட வாந்தேர், கொபாயன் என்ற ஒரு மொழியையே படைத்தார். சீரழிந்த பூமியைவிட்டு வேறொரு கோளில் புதுவாழ்வு தேடும் மக்களின் கதையை, 1970-இல் வெளியான முதல் இரட்டைத் தட்டிலிருந்து அம்மொழியில் பாடினார்கள். பல குரல்கள் ஒன்றாய் எழுந்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி உச்சம் ஏறும் அவ்விசையில், அப்பாஷ்களின் தோழராயிருந்த ஸ்டிராவின்ஸ்கியின் 'திருமணம்' என்ற படைப்பின் சாயலைக் காண்போர் உண்டு. 1980-களில் ஓய்ந்து, 1996-இல் மீண்டெழுந்த அக்குழு 2022-இலும் புதிய தட்டு வெளியிட்டது.

தெலாஜின் பாடகி தமக்குத் தெரியாத மொழியில் பாடினார். மாக்மாவோ எவருக்குமே தெரியாத மொழியில் பாடியது. சொல்லின் எல்லைக்கு அப்பால் ஏதோ உண்டு என்ற தாகம் இரண்டிலும் தெரிகிறது. அந்தத் தாகம் நமக்குப் புதிதன்று. திருப்பாடல் விரிவுரையில் புனித அகுஸ்தீனார், அறுவடைக் களத்தில் உழைப்போர் மகிழ்ச்சி மிகுந்து சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியாய் ஆர்ப்பரிப்பதைச் சுட்டி, சொல்லில் அடங்காத இறைவனுக்கு அத்தகைய பாட்டே ஏற்றது என்று விளக்குகிறார். நாற்று நடும் நம் பெண்கள் எழுப்பும் குலவையைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். ஆனால் புனித பவுலடிகளார் கொரிந்தியருக்கு மறுபக்கத்தையும் நினைவூட்டினார். பிறருக்குப் புரியாத பரவசம் சபையைக் கட்டியெழுப்பாது. ஆவியும் அறிவும் சேர்ந்தே பாடவேண்டும் என்றார்.

நம் செவி

மாக்மா தோன்றிய அதே 1969-இன் திருவருகைக் காலத்தில்தான் புதிய திருப்பலி முறை நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு இளைஞர் ஒருவர் எவருக்கும் புரியாத மொழியைப் படைத்துக்கொண்டிருந்த வேளையில், திருஅவை புரியாத மொழியிலிருந்து மக்களின் மொழிக்கு வந்துகொண்டிருந்தது. நம் பாட்டிமார் இலத்தீன் கீதங்களை ஒரு சொல்லும் அறியாமல், ஓர் எழுத்தும் பிசகாமல் பாடினார்கள். அவர்கள் செபிக்கவில்லை என்று யார் சொல்லக்கூடும்? ஆயினும், பாட்டு பொருளோடு உள்ளத்தில் இறங்கவேண்டும் என்பதற்காகவே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்தது. 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பில், மறைபரப்பு நாடுகளின் மரபிசைக்கு உரிய மதிப்பும் தக்க இடமும் தரவேண்டும் என்று அது வற்புறுத்திற்று.

சங்கம் சொல்வதற்கு முன்பே நம்மிடையே கேட்டவர்கள் இருந்தார்கள். வீரமாமுனிவர் தமிழ்க் காப்பியங்களைக் கேட்ட செவியோடு தேம்பாவணி பாடினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, எல்லாச் சமயத்தாரும் கூடிப் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை நம் இராகங்களிலேயே இயற்றினார். பிரான்சிலிருந்து 1939-இல் வந்த மொன்ஷனென் அடிகளும், 1948-இல் வந்த அபிஷிக்தானந்தரும் 1950-இல் குளித்தலைக்கு அருகே சாந்திவனத்தை அமைத்தனர். கற்பிக்குமுன் கேட்பதையே தவமாகக் கொண்டனர். தெலாஜ் இசையில் தொடங்கியதை அவர்கள் செபத்தில் தொடர்ந்தார்கள் எனலாம். குரலோடு பொருளையும் கேட்க முயன்றதே அவர்களது சிறப்பு.

இன்று நம் ஆலயங்களில் பாட்டுக்குக் குறைவில்லை. மின்விசைப்பலகையும் ஒலிபெருக்கியும் எல்லாப் பங்குகளிலும் உள்ளன. சொற்கள் அனைத்தும் தமிழே, அனைத்தும் புரிகின்றன. எனினும் நாம் கேட்கிறோமா? திருவதிகைப் பதிகம் என்ன துயரில் பிறந்தது என்பதையும், வடலூர்ப் பாட்டு எந்தப் பசியைக் கண்டு கசிந்தது என்பதையும், அவற்றின் அருகிலேயே வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? நம் பாடற்குழுவில் பாடும் பெண்மணி எந்தத் தெருவிலிருந்து வருகிறார், என்ன சுமையோடு வருகிறார் என்பதை நாம் கேட்டதுண்டா?

வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நம்பிக்கை செவிவழியே வருகிறது என்பதைப் பவுலடிகளார் உரோமையருக்கு உணர்த்தினார். மொழி தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரர், மாமல்லபுரத்துக் கல்லறையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலைக் கேட்டு, அதற்காகத் தம் பியானோவுக்குள் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினார். மொழி தெரிந்த நாம், அண்டை வீட்டாரின் பாட்டையும் அழுகையையும் கேட்பதற்கு நம்முள் எதை மாற்றிக்கொள்ளப் போகிறோம்? அடுத்தமுறை பண்ணுருட்டிச் சாலையில் பேருந்து செல்லும்போது திருவதிகைக் கோபுரம் கண்ணில் பட்டால், இந்தக் கேள்வியை நாம் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.